கறுத்த கப்பல்

அறுநூற்று நாற்பது டாலர். பக்கத்து வீட்டு ஆர்வோ தாத்தாவுக்கு ஹேசலின் அப்பா தர வேண்டிய கடன் அது.

அமெரிக்காவில், கடல் போன்ற ஏரிக்கரையிலுள்ள டுலூத் நகரில் பனி அள்ளும் லாரி ஓட்டுபவர் அப்பா. ஏரிக் கப்பல்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். பதிப்பகங்கள் கைவிரித்தன. சொந்தச் செலவில் அச்சிடத்தான் இந்தக் கடன்.

"வட்டிக்குப் பதிலா முதல் புத்தகத்தை எனக்குக் குடு, போதும்" என்றிருந்தார் தாத்தா. வாலிபத்தில் அவர் கப்பல்காரர்.

கோடை போய் இலையும் உதிர்ந்தது. புத்தகம் வந்தபாடில்லை. அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி வரும். அப்பா ஒரு குறை கண்டுபிடிப்பார். ஒன்றில் அட்டைப் படத்துக் கப்பல் கரியாக இருந்தது, பக்க எண்களும் குழம்பியிருந்தன. திருத்தி அனுப்பிவிட்டு மறுபடி காத்திருப்பார்.

இதற்குள் தாத்தா படுத்த படுக்கையாகிவிட்டார். இனி தேறமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இந்த மாதிரிப் பிரதியையே தாத்தாவுக்குக் குடுத்தா என்னப்பா?" என்றாள் ஹேசல்.

"இத்தனை தப்போட எப்படிம்மா குடுக்கிறது? இன்னும் மூணே வாரம்."

மூன்று வாரம் தாத்தா இருப்பாரா? ஹேசல் கறுத்த கப்பல் பிரதியைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போனாள்.

அட்டையின் குறுக்கே 'விற்பனைக்கு அல்ல' என்று ஒரு பட்டை. "நானும் விற்பனைக்கு இல்ல" என்றார் தாத்தா. "கப்பல் ஏன் இப்படி?"

"அச்சுல தப்பாயிருச்சு தாத்தா."

"எது தப்பு? நவம்பர் மாசம் ஏரியில கப்பல் இந்த நிறந்தான்."

பள்ளி விட்டதும் தினமும் வந்து வாசித்துக் காட்டினாள். எண்பத்தெட்டாம் பக்கத்துக்கு அடுத்து நாற்பத்தொன்று வந்தது. "கப்பல் திரும்பிருச்சா?" என்று கேட்டார்.

கடைசி வரியின்போது அவர் கண் மூடியிருந்தது.

"தூங்கிட்டீங்களா?"

"இல்லடா. கரையில இறங்கிட்டேன்."

அந்த வாரமே தாத்தா போய்விட்டார்.

அடக்கம் முடிந்தபின் பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வந்தன. ஒரு குறை இல்லை. அப்பாதான் சோறு தண்ணியில்லாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு பிரதியையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு, ஹேசலோடு தாத்தாவின் மனைவி இர்மாவிடம் போனார்.

"அவர் கையில குடுக்க முடியலம்மா. கடனாவது தீரட்டும்."

இர்மா பணத்தைத் தொடவில்லை. படுக்கையருகே இருந்த கறுத்த கப்பலைக் காட்டினார்.

"வட்டி வந்தாச்சு, அசலைத் தள்ளிருன்னு சொல்லிட்டுத்தான் போனாரு தம்பி. உம் பொண்ணு ஒரு வரி விடாம வாசிச்சா."

அப்பா வெகுநேரம் அந்த அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணீர் அதன் மேலேயே விழுந்தது.

"கப்பல் கரியா இருக்கேம்மா..."

"நவம்பர்ல அப்படித்தான் இருக்குமாம்ப்பா" என்றாள் ஹேசல்.