படத்தில் விழுந்த கை

கிழவரின் இரண்டு கைகளையும் பக்கத்துக்கு ஒன்றாகப் பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். டாக்டரம்மா தொடைப் பக்கம் குனிந்து நின்றாள். நர்ஸ் தலைமாட்டில் நின்றாள். அப்படியும் அவர் வயிற்றின் மேல் ஒரு கை இருந்தது.

கனத்த கை. போர்வைக்கு மேலே இல்லை, அடியில்.

காலையில் மர மில்லில் நின்ற இடத்திலேயே விழுந்தார். யாரோ வயிற்றில் ஓங்கிக் குத்தியதுபோல் ஒரு வலி முதுகுவரை பாய்ந்தது. சுற்றிப் பார்த்தால் ஆளில்லை. மருமகள்தான் மில் வண்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் வீங்கி வெடித்துவிட்டது என்றார்கள்.

"வயித்தக் கிழிக்க மாட்டோம் ஐயா. தொடையில சின்னதா ஓட்டை போட்டு, கம்பி விட்டு, குழாய்க்குள்ள ஒரு உறைய விரிச்சு அடைச்சிடுவோம்."

"கதவத் திறக்காம வீட்டுக்குள்ள சுவர் எழுப்புற கதையா இருக்கே."

"கிட்டத்தட்ட அதேதான்."

"மயக்க ஊசியாவது உண்டா, அதுவும் பேச்சுதானா?"

"மயக்கம் குடுத்தா வயிறு தளந்துடும். அந்த இறுக்கந்தான் இப்போ ரத்தத்தப் பிடிச்சு வச்சிருக்கு. மரத்துப்போக மட்டும் ஊசி போடுறேன். நீங்க அசஞ்சா கம்பி குத்திடும், அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வீட்ல வேற யாருக்காவது இப்படி வந்துச்சா?"

"அண்ணனுக்கு. அவனும் வயிறு வெடிச்சுத்தான் செத்தான்."

மிச்சத்தைச் சொல்லவில்லை. இவர் பார்க்காமல் ரம்பத்தை ஓடவிட்டதில் அண்ணனின் சுட்டுவிரல் அடியோடு போனது. அதைக் கேட்டு ஒருநாள் சண்டைக்கு வந்தவனை மரத்தூளில் தள்ளி, வயிற்றிலேயே மூன்று குத்து விட்டார். பொழுது சாய்வதற்குள் அண்ணன் செத்தான். கட்டை உருண்டு மோதிவிட்டது என்று எல்லோரையும் நம்பவைத்து முப்பது வருஷம் ஆகிறது.

ஜன்னலே இல்லாத அந்த அறையில் குளிர்காற்று உறுமிக்கொண்டிருந்தது, இயந்திரம் அவர் நாடியை டொக் டொக்கென்று எண்ணிக்கொண்டிருந்தது, மருந்து நெடிக்கு அடியிலிருந்து மெல்ல மெல்ல, மழையில் ஊறிய மரத்தூளின் புளித்த வாடை அவர் மூக்கில் ஏறியது.

"எக்ஸ்ரே படத்துல யாரோட கை விழுது? எடுங்க" என்றாள் டாக்டரம்மா.

"என் கை இங்க இருக்கு மேடம்." நர்ஸ் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

கிழவர் கண்ணை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தார். அவருடைய முதுகெலும்பு. மேலேறும் கம்பி. அதன் குறுக்கே விரல் எலும்புகள். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலி.

"அண்ணே" என்றார்.

"பேசாதீங்க ஐயா."

கை வயிற்றைவிட்டு எழுந்தது. இறங்கியது.

குத்து.

இயந்திரத்தின் டொக் டொக் தடதடத்தது. நர்ஸ் அலறவில்லை. "பிரஷர் விழுது" என்று மட்டும் சொன்னாள். கம்பி உள்ளே இருந்தது. துள்ளக் கூடாது. கிழவர் பல்லைக் கடித்தார். கடைவாயில் ஒரு பல் உடைந்தது. உப்பு. ரத்தம். அசையவில்லை.

"விரிச்சாச்சு. அடைச்சாச்சு." டாக்டரம்மா நிமிர்ந்தாள். "தப்பிச்சீங்க. கடைசியா ஒரு படம். மூச்சப் பிடிங்க."

பிடித்தார். வயிற்றின் மேல் கனம் இல்லை. மரத்தூள் வாடை மட்டும் போகவில்லை.

திரையில் உறை நேராக, அழகாக நின்றது. ஒரு சொட்டு கசியவில்லை. பக்கத்திலேயே அந்த எலும்புகள். நான்கு விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. முஷ்டி.

காலையில் ஒன்று. இப்போது ஒன்று.

மூச்சை விடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முஷ்டி மெதுவாக, வாகு பார்த்து, பின்னால் போய்க்கொண்டிருந்தது.