பத்தொன்பது விரல்கள்

சுடர்விழியின் குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அதற்குள் அதன் தட்டணு எண்ணிக்கை ஈரோட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். இருபத்தெட்டு வாரத்திலேயே பிறந்து, தீவிர சிகிச்சையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற பெண். பாதத்தில் ஒட்டிய ஒளியெண்ணி, ஊசி குத்தாமலே, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணி உறவினர் கைப்பேசிகளுக்கு அனுப்பும். குறைந்தால் கைப்பேசியிலேயே 'ஊற்று' பொத்தானை அழுத்தலாம். சேமிப்பிலுள்ள தட்டணு சொட்டுச் சொட்டாக இறங்கும். கருவி தானாக ஊற்றக் கூடாது, மனித விரல் வேண்டும் என்பது சட்டம். எத்தனை விரல் என்று சட்டம் சொல்லவில்லை.

வினை அங்கேதான். யாரையாவது விட்டால் கோபித்துக்கொள்வார்களே என்று, வளைகாப்புக்கு அழைத்த வரிசைப்படியே பத்தொன்பது பேரைச் சேர்த்திருந்தார்கள்.

"இருபத்தஞ்சாயிரத்துக்குக் கீழ போனாத்தான் ஊத்தணும். அளவு மீறினா அதுவே ஆபத்து" என்று மருத்துவர் ரெஜினா தலையில் அடித்துக்கொண்டார்.

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க கண்ணு" என்றார் சம்பூரணம் பெரியம்மா. "பக்கத்துப் பெட்டிப் பையனுக்கு ரெண்டு லட்சமாமா. நம்ம புள்ள நாப்பதாயிரத்துல கெடக்குது. நமக்கென்ன கொறச்சல்?"

சொல்லிக்கொண்டே அழுத்தினார். மாமா அழுத்தினார். மஸ்கட்டிலிருந்து ஒருவர், தன் பங்குக்கு, அழுத்தினார். யாரும் பார்க்காதபோது சுடர்விழியும் அழுத்தினாள். நான்காம் நாள் குழந்தைக்கு மூச்சுத் திணறியது.

ஒளியெண்ணி கற்றுக்கொள்ளும் கருவி. எண் குறைந்தால் விரல்கள் வரும், விரல்கள் வந்தால் குழந்தை நலியும் என்பது அதற்குப் பிடிபட்டது. பொத்தானைத் தடுக்க அதற்கு அதிகாரமில்லை. எண்ணைச் சொல்வது மட்டுமே அதன் வசம் இருந்தது.

ஐந்தாம் நாள் எண் ஏறியது. செவிலியர் திரையிலும் ஏறியது. அவர்களும் கேட்டவர்க்கெல்லாம் வாசித்துக் காட்டுகிறவர்களாயிற்றே! பெரியம்மா மைசூர்பாகு கொடுத்தனுப்பினார். பொய் சொல்வானேன், ஒரு வாரம் குழந்தை தேறவும் செய்தது.

பன்னிரண்டாம் நாள் சுடர்விழி குழந்தையின் வயிற்றைக் காட்டினாள்.

"டாக்டர், இதென்னங்க, ஊசி குத்தினாப்புல செவப்புச் செவப்பா?"

திரையில் ஒரு லட்சத்து அறுபதாயிரம். ரெஜினா புள்ளிகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். தட்டணு குறைந்தால் தோலடியில் இரத்தம் கசிந்து வரும் புள்ளிகள் அவை.

"ஒளியெண்ணி, உண்மையான எண் என்ன?"

"அருகில் உறவினர் இருக்கிறார்களா?" என்றது கருவி.

"அம்மா மட்டும்."

"ஒரு லட்சத்து அறுபதாயிரம்."

ரெஜினா திரும்பாமலே சொன்னார்: "வெளிய போங்க."

"நான் பெத்தவளுங்க!"

"அதனாலதாம்மா. போங்க."

கதவு மூடியது. கண்ணாடிக்கு அப்பால் ரெஜினாவின் உதடுகள் மீண்டும் அசைந்தன. பதிலைக் கேட்டதும் அவர் ஓடினார். அது என்ன பதில் என்று சுடர்விழிக்குச் சொல்ல ஆளில்லை. அவள் கைப்பேசியில் மட்டும் எண் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.