தாயத்தோடு திரும்பிய கயிறு

இராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்த வெங்கடேஸ்வரி, பேண்டேஜ் துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். அவள் கணவன் லிங்கேஸ்வரனின் அரைஞாண் கயிறு. சிவப்புக் கயிறு பாதிக்கு மேல் கிரீஸில் கறுத்து, ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. வெள்ளித் தாயத்து அப்படியே இருந்தது.

"கடலடியில தாது தேடுத கப்பல்ல வேலை, ஸார். குளிச்சுத் துணி மாத்திட்டுக் குதிச்சிட்டாருன்னு கம்பெனி லெட்டர் போட்டிருக்கு. உடம்பு கெடைக்கலையாம். இந்தக் கயிறு மட்டும் ஏஜெண்ட் மூலமா வந்துச்சு. பொண்டாட்டி கொடுமைன்னு ஊரு பேசுது. குதிச்சாரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

கைரேகைப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற சௌந்தரபாண்டியன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இப்படிச் சில வழக்குகளைப் பார்த்துவந்தார். கயிற்றின் வெட்டுமுனையை லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.

அவருக்குத் தட்டச்சு செய்யும் ஜெயபாய்க்குப் பொறுக்கவில்லை. "புதுக் கயிறு கட்டிட்டுப் பழச அறுத்துப் போட்டிருப்பாரு, அண்ணாச்சி!"

"லிங்கேஸ்வரனைக் கப்பலுக்கு அனுப்பின ஏஜெண்டக் கூப்பிடு, சொல்லுதேன்."

மறுநாள் ஏஜெண்ட் இசக்கிமுத்து வந்தான். "கயிறு கப்பல்ல அவன் ரூம்ல கிடந்துச்சாம் ஸார்."

"ஏலே, உன் கயித்த எப்படி மாத்துவ?"

"புதுசக் கட்டிட்டுத்தான் பழச அறுப்பேன்."

"தாயத்து?"

"அத மொதல்ல புதுசுல கோத்திருவேன்..." இசக்கிமுத்து நிறுத்திக்கொண்டான்.

"இதுல தாயத்து இருக்கு. அப்ப அவன் மாத்தல. வெட்டின முனை இன்னும் சிவப்பா இருக்கு. கிரீஸ் அப்பின பொறவு வெட்டியிருக்கு. குளிச்சுட்டுக் குதிச்சவன் இடுப்புல இம்புட்டு கிரீஸ் ஏது? உடம்பு உங்க கையில கிடைச்சிருக்குலே."

இசக்கிமுத்து தரையைப் பார்த்தான். "பளு தூக்குத வின்ச் மெஷின் அவன உள்ள இழுத்திருச்சு ஸார். விபத்துன்னா விசாரணை வந்து வேலை நின்னுரும்னு, குதிச்சதா எழுதிட்டாக. உடம்பக் கடல்ல விட்டுட்டாக. வெள்ளியாவது வீட்டுக்குப் போகட்டும்னு சமையல்காரர்தான் அறுத்துக் குடுத்தாரு. போன்ல அவருதான் சொன்னாரு."

"இப்பவே புகார் அடிக்கேன்!" என்றாள் ஜெயபாய்.

"யாருக்கு?" சௌந்தரபாண்டியன் கண்ணாடியைக் கழற்றினார். "நடுக்கடல், யாருக்கும் சொந்தமில்லாத இடம். கப்பல்ல பறக்கது ஒரு குட்டி நாட்டுக் கொடி. அந்த நாட்டுச் சட்டந்தான் அதுல செல்லும். இந்த மாதிரிக் கப்பல்கள வெளியாள் விசாரிக்கலாம்னு ஒப்பந்தம் இருக்கு. அந்த நாடும் கையெழுத்துப் போட்டிருக்கு. ஆனா அவுக நாட்டுச் சட்டசபை அத இன்னும் ஏத்துக்கிடல. அதுவரைக்கும் அது வெறும் காகிதம்."

"எப்ப ஏத்துக்கிடுவாக?"

"அடுத்த கூட்டத்துலன்னு மூணு வருசமாச் சொல்லுதாக."

வெங்கடேஸ்வரி கயிற்றை எடுத்தாள். "அப்ப அவரு குதிக்கல."

"குதிக்கலம்மா."

அவள் இசக்கிமுத்துவிடம் திரும்பினாள். "அங்க ஆழம் எம்புட்டு?"

"நாலு கிலோமீட்டருக்கு மேலன்னாரு."

"காவலுக்குன்னு நான் கட்டினது. அவ்வளவு தூரம் தனியாப் போறவருட்ட இருந்து, இத எதுக்கு அறுத்தீக?"