காலை பத்து மணி ஸ்வாரே

மழையில் நனைந்த குடையை மடக்காமலே அச்சகத்துக்குள் வந்தாள் அவள். அடுத்தவர்களுக்கு விருந்து ஏற்பாடு செய்து தருவது அவள் தொழில்.

"என் அழைப்பிதழை யாருங்க நிறுத்தி வெச்சது?"

முதலாளி மூலையைக் கைகாட்டினார். "எங்க கண்ணாடிதான். பிழை திருத்தறவர். பொண்ணு வீட்டுக்காரங்க எழுதின லெட்டரையே திருத்தித் திருப்பி அனுப்பின ஆளு. அதான் இன்னும் ஒண்டிக்கட்டை."

கண்ணாடி நிமிர்ந்தார். தூக்கம் போதாத கண்கள்... அவளுடையதைப் போலவே. அதைத்தான் முதலில் பார்த்தாள். பிறகுதான் கோபம் நினைவுக்கு வந்தது.

"ஸ்வாரேன்னு போட்டுட்டு, கீழ காலை பத்து மணின்னு போட்டிருக்கீங்க மேடம்."

"மண்டபம் காலைலதான் கிடைச்சுது. விருந்து வைக்கற அம்மாவுக்கு அந்த வார்த்தைதான் வேணுமாம். ஸ்டைலா இருக்காம்."

"பிரெஞ்சுல ஸ்வார்னா சாயங்காலம். ஸ்வாரேன்னா ஒரு முழு சாயங்காலம். விளக்கு ஏத்தினதுலேர்ந்து கடைசி ஆள் வீட்டுக்குக் கிளம்பற வரைக்கும்... பாட்டு, பேச்சு, நல்ல துணிமணி. அப்புறம் விருந்துக்கே அந்தப் பேர் வந்துச்சு. இன்னும் பின்னாடி போனா லத்தீன்ல வேர். தாமதம்னு அர்த்தம்."

பதினோரு வருடமாக இந்த வார்த்தையை வைத்துப் பிழைக்கிறாள். யாரும் சொன்னதில்லை. அவர் சொன்ன சாயங்காலத்தை அவள் அனுபவித்ததும் இல்லை. அவளுக்குச் சாயங்காலம் என்றால் நாற்காலி போடுவது, மைக் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்ப்பது.

"பாடம் போதும். அடிச்சுக் குடுங்க."

"பிழையோட நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப உங்க கையெழுத்தை நீங்களே வெச்சுக்குங்க."

வேறு அச்சகத்தில் அடித்தாள்.

விருந்தன்று காலையில் பாதி நாற்காலி காலி. மீதிப் பேர் சாயங்காலம் வந்தார்கள். வார்த்தையை நம்பி, மணியைப் படிக்காதவர்கள். பூட்டிய மண்டபத்தின் வாசலில், தூறலில் நின்று, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு அனுப்பினாள். கால் கடுத்தது. கடைசிக் காரும் போனது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. பல வருடங்களில் முதல் முறையாக, வேலையில்லாத ஒரு சாயங்காலம்... பேச ஆளில்லை. கண்ணாடியின் நினைவு வந்தது.

மறுநாள் அச்சகத்துக்குப் போனாள்.

"நீங்க சொன்னபடிதான் ஆச்சு. சிரிச்சுக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. "உக்காருங்க. ரொம்ப நேரம் நின்னிருப்பீங்க."

அவளை யாராவது உட்காரச் சொல்லி எத்தனை நாளாயிற்று... உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு என்னிக்கு சாயங்காலம் ஒழியும்?" என்றார்.

"ஒழியாது சார். என் பொழப்பே அதுலதான். உங்களுக்கு?"

"எட்டு மணி வரைக்கும் இதே நாற்காலிதான்."

வெளியே மழை. அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஒரு வாரம் கழித்து முதலாளி கூப்பிட்டார். அச்சுப்படி தயாராம், வந்து சரிபார்க்க வேண்டுமாம். எதுவும் கொடுக்கவில்லையே என்று குழம்பியபடியே போனாள். கண்ணாடி ஒற்றை அட்டையை நீட்டினார்.

ஸ்வாரே. ஞாயிறு, காலை பத்து மணி. எதிர் காபிக் கடை. இருவர் மட்டும்.

"இதுல பிழை இருக்கு சார்."

"தெரியும்."

"கீழ உங்க கையெழுத்தும் இருக்கு."

"பதினாறு வருஷத்துல முதல் தடவை." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களைப் பிடிச்சிருக்கு... ரெண்டு பேருக்கும் காலைதான் ஒழியுது. வேற வழி தெரியலை."

"எனக்கு முப்பத்தொன்பது. ரொம்ப லேட்டு சார்."

"எனக்கு நாப்பத்திமூணு. அந்த வார்த்தைக்கு வேரே அதுதான்னு அன்னிக்கே சொன்னேனே."

முதலாளி மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். "மேடம், சரின்னா சட்டுனு கையெழுத்துப் போடுங்க. எனக்கு வேற வேலை இருக்கு."

கண்ணாடியின் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தாள். பிழையை அடிக்கவில்லை. அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில், சிறியதாக, தன்னுடையதைப் போட்டாள்.