படத்தில் இல்லாத ஆள்

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், ஒரு ஞாயிறு. டென்மார்க்கில், ஸ்கீவ நகர முதியோர் இல்லத்தில் எனக்கு மத்தியான வேலை. கூடத்தில் பழைய ஆங்கிலப் படம் போட்டிருந்தோம். ஒரு மேடை நாடகத்தை, பேசும் படம் வந்த புதிதில் அப்படியே படமாக்கியிருந்தார்கள். ஒரே வரவேற்பறை, மூன்று கதவுகள், ஒளித்துப் பிடித்து விளையாடும் காதலர்கள். கதவு திறக்கும்போதெல்லாம் கிழடுகள் விழுந்து விழுந்து சிரித்தன.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தம்பி அல்பேட் முள்ளிவாய்க்காலில் நின்றான். அவனோடு கதைத்து ஒன்பது நாள். இருப்புக் கொள்ளாமல் கைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

திரையில் நடுக் கதவு திறந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

கூடத்தில் உப்புச் சேறு மணத்தது. கருகிய துணியும் மணத்தது.

"செசிலியா," பக்கத்தில் இருந்த மாக்கிரட் டேனிஷில் கிசுகிசுத்தாள். தொண்ணூறு வயது, இந்தப் படம் அவளுக்கு மனப்பாடம். "ஆர் அந்தப் பெடியன்? படத்தில அப்பிடி ஒருத்தனும் இல்லையே."

கதவடியில் சாரத்தை மடித்துக் கட்டியபடி ஒருவன். முகம் இருட்டு. ஒரு தோளைச் சரித்து நிற்கும் அந்த நிலை எனக்குத் தெரியும்.

கண் வெட்டினேன். கதவடி வெறுமையாக இருந்தது.

"யன்னலைத் திற," என்றாள் மாக்கிரட். "அவனைப் போக விடு."

இந்த நாட்டில் யாராவது செத்தால், ஆவி வெளியே போக யன்னலைத் திறந்துவிடுவார்கள். பதினொரு வருடத்தில் எத்தனையோ பேருக்கு நானே திறந்திருக்கிறேன். இப்போது திறந்தால், அவன் செத்துப்போனதை நானே ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

"மாட்டன்."

எழும்பிப் போய் யன்னல் கொளுக்கியை இறுக்கினேன்.

கைபேசி அடித்தது. என் கணவர் சீவரத்தினம்.

"செசி... அல்பேட் இல்லையாம். விடியக்காலமை ஷெல் விழுந்ததாம்."

பிறகு கொளுக்கியை இழுத்தேன். கை வழுக்கியது. யன்னல் திறந்ததும் கடல் காற்று முகத்தில் அடித்தது. பின்னால் படம் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள்.

"போ ராசா," என்றேன். "அக்கா திறந்திட்டன். போ."

திரைச்சீலை அசையவில்லை.

சேற்று மணம் கிட்ட வந்தது.

என் தோளுக்குப் பின்னால், பல்லுக் கிட்டிய குரலில் அவன் சொன்னான்:

"யன்னலைச் சாத்து, அக்கா. எனக்குக் குளிருது."