அடி வாங்காத வீரன்

தொழில்முறைக் குத்துச்சண்டை வீரனான பிறகு கெய்ஜிரோ ஆறு போட்டிகளில் வென்றிருந்தான். தோல்வி என்பதே கிடையாது. வாங்கிய குத்தும் கிடையாது, கொடுத்த குத்தும் கிடையாது. ஏழாவது வெற்றியைப் பெற்றுக்கொள்ள, ஒசாகா நகர அரங்கின் மேடையில், கடைவாசனை போகாத கையுறைகளோடு நின்றுகொண்டிருந்தான். எதிர்மூலையில் தொகாஷி என்பவன். இவன் வயதுதான் இருக்கும். தோற்கப்போகிறவனுக்குரிய மரியாதையோடு அவனும் நின்றான்.

திரை பச்சையாக ஒளிர்ந்தது. "கெய்ஜிரோ! மூன்றாம் சுற்று! வயிற்றில் இடக்கைக் குத்து!" என்று அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்தினார். நடுவர் அவன் கையைத் தூக்கிப் பிடித்தார். கூட்டம் கைதட்டிவிட்டு பியர் வாங்கக் கிளம்பியது.

எல்லாம் முன்முடிவி என்ற கணிப்பு இயந்திரத்தின் உபயம். வீரர்களின் பயிற்சி பனியனில் நெய்திருக்கும் உணரிழைகள் ஒவ்வொரு அசைவையும் மூச்சையும் அதற்கு ஊட்டும். இரண்டு பேரையும் தன் வயிற்றுக்குள் லட்சம் தடவை மோதவிட்டு, அது முடிவைச் சொல்லும். முடிவு உறுதி என்றால் சண்டை ரத்து, தீர்ப்பு மட்டும் உண்டு. யார் ஜெயிப்பார் என்று அதற்கே தெரியாவிட்டால்தான் மனிதர்கள் அடித்துக்கொள்ளலாம். அப்படி ஒரு போட்டி நடந்ததைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் எல்லோரும் வழுக்கைத்தலையர்கள். 'வலியற்ற வீரம், நம் நாகரிகத்தின் சிகரம்' என்று குத்துச்சண்டைப் பேரவைத் தலைவர் ஆண்டுதோறும் முழங்குவார். அவர் என்ன முழங்குவார் என்பதையும் முன்முடிவி முதல்நாளே வெளியிட்டுவிடும் என்பதால் கேட்க யாரும் போவதில்லை.

வென்றவன் தோற்றவனின் மூலைக்குப் போய்க் குனிந்து வணங்க வேண்டும் என்ற பழைய வழக்கம் மட்டும் மிச்சமிருந்தது. கெய்ஜிரோ போய்க் குனிந்தான். தொகாஷியும் குனிந்தான். இரண்டு தலைகளும் அருகருகே வந்தபோது தொகாஷி முணுமுணுத்தான்.

"ஒரு குத்தாவது விட்டுட்டுப் போயேன்டா. குத்து எங்க விழுந்துச்சுன்னு கேட்டா வயித்தக் காட்டணுமாம். எனக்கு அங்க ஒரு கொசு கூடக் கடிக்கல."

கெய்ஜிரோவுக்குச் சிரிப்பு வந்தது. தன்னிடம் ஒரு மனிதக்குரல் இவ்வளவு பக்கத்தில் பேசிப் பல மாதம் ஆயிற்று என்பது அப்புறம்தான் உறைத்தது.

பயிற்சிக்கூடத்தில் அவன் தனியாள். இன்னொருவன் மேல் கைபட்டால் கணக்கு கலங்கும் என்று ஜோடிப் பயிற்சிக்குத் தடை. கண்ணாடியும் மணல்மூட்டையும்தான் துணை. வீட்டிலோ அரங்கத்தில் இருப்பதைவிடச் சின்ன முன்முடிவி ஒன்று சுவரில் தொங்கியது. அது ஞாயிறுதோறும் சொல்லும்: "உங்கள் தாய் 'சாப்பிட்டாயா' என்று கேட்டிருப்பார். நீங்கள் 'சாப்பிட்டேன்' என்றிருப்பீர்கள். அவர் ஊரான மட்சுயேயில் மழை. உரையாடல் நிறைவுற்றது." அம்மாவின் வீட்டிலும் இதையே சொல்லும். நேரம் மிச்சம் என்று எல்லோரும் மெச்சினார்கள். மிச்சமான நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கெய்ஜிரோவுக்குத் தெரியவில்லை. மணல்மூட்டையைக் குத்தினான்.

மறுமோதல் கேட்டுத் தொகாஷி மனுப் போட்டிருப்பதாக மறுவாரம் செய்தி வந்தது. முன்முடிவியின் பலகையில் கெய்ஜிரோவின் வெற்றி வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

அன்று மாலை அவன் ஓடப் போகவில்லை. ராமென் நூடுல்ஸ் கடைக்குப் போய் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். அடுத்த வாரப் பலகையில் தொண்ணூறு. அதற்கடுத்த வாரம் எண்பது. இவன் ராமென் மட்டும் அவ்வளவு வேலை செய்திருக்காது. அங்கே தொகாஷி வெறிபிடித்தவன் மாதிரி உழைக்கிறான் என்று புரிந்தது. இவன் கொஞ்சம் இறங்கினான், அவன் கொஞ்சம் ஏறினான். ஒரு வாரம் இவன் அதிகமாகத் தூங்கிவிட்டதில் எண் சட்டென்று நாற்பத்தைந்துக்குச் சரிந்தது. உடனே அங்கே அவனும் கையைத் தளர்த்தியிருக்க வேண்டும், மறுவாரம் ஐம்பது. முகம் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், அந்த எண்ணில்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள். கெய்ஜிரோவுக்கு அந்த நாட்களில் மணல்மூட்டைகூடக் கொஞ்சம் நட்பாகத் தெரிந்தது.

"என்னடா, தொப்பை போட்டுட்ட?" என்றார் கூடத்தலைவர் உஷியாமா.

"சண்டை வேணும் தலைவரே. நான் குத்துச்சண்டைக்காரனா இல்லையான்னு எனக்கே தெரியல. ஒருத்தன் என்னை அடிச்சாத்தானே தெரியும்?"

"அடிவாங்குறதுக்கு இவ்வளவு ஆசையா? கல்யாணம் பண்ணிக்கோ."

போட்டி நாளான ஞாயிறு வந்தது. உடைமாற்றும் அறையின் பெஞ்சில் ஒரு குளிர்பெட்டி இருந்தது. மூடியில் கெய்ஜிரோ, தொகாஷி என்று இரண்டு பெயர்களும் எழுதியிருந்தன. எதிராளிக்குத் தனி அறை இருக்க, அவன் பெயர் இங்கே எதற்கு? அரங்க ஊழியர்களின் அசட்டை என்று நினைத்து விட்டுவிட்டான். இன்று என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமை அவனுக்குப் பிடித்திருந்தது.

மேடை ஏறினார்கள். தொகாஷி பல்தெரியச் சிரித்தான். திரை ஒளிர்ந்தது.

"சமநிலை!" என்றார் அறிவிப்பாளர். "நான்கு சுற்றும் முழுசாக ஆடி, நூலிழை பிசகாத சமநிலை! நூற்றுக்குத் தொண்ணூற்றேழு உறுதி! சண்டை தேவையில்லை!"

இருவரும் அவ்வளவு பாடுபட்டு எடைபோட்டுச் சமமாக்கியதில், யாரும் ஜெயிக்க முடியாது என்பதே உறுதியாகிவிட்டது. கூட்டம் பியர் வாங்கப் போனது.

கெய்ஜிரோ அறைக்குத் திரும்பி உட்கார்ந்தான். கதவு திறந்தது. தொகாஷி உள்ளே வந்து கதவைச் சாத்தினான். கையுறை இன்னும் கையில் இருந்தது.

"உரிமத்தைப் புடுங்கிடுவாங்க," என்றான் கெய்ஜிரோ, எழுந்துகொண்டே.

"புடுங்கட்டும். எந்திரிச்சிட்டியே."

முதல் குத்து யாருடையது என்று இருவருக்கும் தெரியாது. இரும்பு அலமாரிகள் அதிர்ந்தன, பெஞ்சு கவிழ்ந்தது. குத்து விழுந்தபோது கெய்ஜிரோவின் தலைக்குள் ஒரு வெள்ளை ஒளி பாய்ந்தது; அதன் மறுகரையில் ஒரு மனிதன் மூச்சிரைத்துக்கொண்டிருந்தான். இவ்வளவு சத்தத்துக்கும் யாரும் ஓடிவரவில்லை. கடைசியில் இரண்டு பேரும் கைதூக்க முடியாமல் தரையில் சரிந்து, முதுகோடு முதுகு சாய்ந்து, பைத்தியங்கள் மாதிரி சிரித்தார்கள்.

அப்போதுதான் உஷியாமா எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சுதா? முன்முடிவியில பன்னிரண்டு நிமிஷம்னு போட்டிருந்துச்சு, சரியா இருக்கு. அதுவரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாதுன்னு உத்தரவு. உரிமத்துக்கு ஒண்ணும் ஆகாது, கவலப்படாதீங்க. பெட்டியத் தொறந்து பாருங்க."

அவர் போய்விட்டார். தரையில் கிடந்த பெட்டிக்குள் இரண்டு பனிக்கட்டிப் பைகள் இருந்தன. ஒன்றில் 'தொகாஷி, தாடை'. இன்னொன்றில் 'கெய்ஜிரோ, வலது கண்'.

தொகாஷி வீங்கிய தாடையைத் தடவிக்கொண்டு எழுந்தான். குனிந்து வணங்கினான். இவனும் வணங்கினான். சிரிப்பு போய்விட்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் சுவர் பேசியது. "உங்கள் தாய் 'கண்ணில் பனிக்கட்டி வைத்தாயா' என்று கேட்டிருப்பார். நீங்கள் 'வைத்தேன்' என்றிருப்பீர்கள். உரையாடல் நிறைவுற்றது."

கெய்ஜிரோ கையிலிருந்த பையைப் பார்த்தான். அவன் வைக்கவில்லை. ரயிலில் வந்த வழியெல்லாம் அது சொட்டிக்கொண்டே வந்திருந்தது. முன்முடிவி முதன்முறையாகத் தவறியிருக்கிறது. அதுவும் அம்மாவிடம் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறது. அதைத் திருத்தியாக வேண்டும். அவளை அழைக்க அவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. எண்ணை அழுத்தினான். வெகுநேரம் மணி அடித்தது.

"கெய்ஜிரோவா?" அம்மாவின் குரல் அவன் நினைவில் இருந்ததைவிடக் கிழடாக இருந்தது. "எதுக்குப்பா கூப்பிட்ட? நாமதான் பேசி முடிச்சாச்சே."