பச்சை வாளியில் கிடைத்தது

"இந்தக் கறுப்புப் பையை அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போங்க!"

ரேமி நிமிர்ந்தான். மழைக்கோட்டுக்குள் இரண்டு சாம்பல் நிறக் கண்கள்... இமை நுனியில் ஒரு மழைத்துளி. முறைக்கும்போதுகூட இவ்வளவு அழகா?

"குப்பைக் கிடங்குல குப்பை வாங்க மாட்டீங்களா?"

"பிரிச்சுக் கொண்டுவந்தா வாங்குவோம். மீன்முள்ளும் கை துடைச்ச காகிதமும் பச்சை வாளியில, மிச்சம் உள்ளே தெரியற பையில. நாலு மாசமா ஊரே செய்யுது. நீங்க மட்டும் வானத்துலேருந்து குதிச்சீங்களாக்கும்?"

"ஹாலிஃபாக்ஸ் நகரத்துலேருந்து. அப்பாவோட சாப்பாட்டுக் கடையைப் பார்த்துக்க நேத்துதான் வந்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவள் பெயர் ஓடெட்; ஊரைக் குப்பையில்லாத ஊராக்கக் கிளம்பியவள். கையுறை ஒன்றை நீட்டினாள். கொட்டும் மழையில் இருவருமாகப் பையைப் பிரித்தார்கள்.

அதன்பின் செவ்வாயும் சனியும் தவறாமல் வந்தான்.

"அரை வாளி உருளைக்கிழங்குத் தோலுக்கு இவ்வளவு தூரமா?"

"வாடிப்போயிடக் கூடாது பாருங்க..."

ஊர்க்கூட்டத்தில்தான் எல்லாம் கெட்டது. ரேமியின் அப்பா ஃபிர்மின் எழுந்து நின்று கத்தினார். "என் குப்பையை எவளோ கிளறிப் பார்ப்பாளா? நிறுத்துங்க இந்தக் கூத்தை!" பாதிப் பேர் கைதட்டினார்கள். குப்பை பிரிக்கும் திட்டம் நீடிக்குமா என்பது அடுத்த மாத வாக்கெடுப்புக்குப் போனது.

ஓடெட் ரேமியைப் பார்த்தாள். அவன் தலைகுனிந்திருந்தான். 'ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே!'

வெட்கத்தில் அவன் கிடங்குப் பக்கமே வரவில்லை. கடை ஆளிடம் வாளியைக் கொடுத்தனுப்பினான்.

ஒரு சனிக்கிழமை காலை ஓடி வந்தான்.

"அப்பாவோட காது மெஷினைக் காணோம். சாப்பிடும்போது கழட்டிக் கை துடைக்கிற காகிதத்துல சுத்தி வெச்சாராம். மேசையைத் துடைச்சவங்க அதையும் வாளியில போட்டு அனுப்பிட்டாங்க... இனிமே எங்கே கிடைக்கும்?"

"முன்னே மாதிரி லாரியில ஒண்ணா அள்ளிட்டுப் போயிருந்தா கிடைக்காது. இப்ப உங்க வாளி தனியா இருக்கு. வாங்க."

அழுகிய மீன்குவியலில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். அரை மணி நேரம்... ஒரு முகச்சுளிப்பு இல்லை. காகித உருண்டைக்குள் அது பத்திரமாக இருந்தது.

துடைத்து, காரில் காத்திருந்த ஃபிர்மினிடம் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டார்.

"கேக்குதா ஐயா?"

"கேக்குதும்மா..." பெரியவரின் கண்கள் நிறைந்தன. "உன்னை என்னவெல்லாம் பேசிட்டேன்!"

வாக்கெடுப்பன்று முதலில் உயர்ந்தது ஃபிர்மினின் கைதான். "என் குப்பையைக் கிளறின பொண்ணுக்கு நன்றி" என்றார். பின்னாலேயே கைகள் உயர்ந்தன. திட்டம் நிலைத்தது.

மண்டப வாசலில் தூறல். ரேமி அவளெதிரே நின்றான்.

"அன்னிக்கு உனக்காக வாயைத் திறக்கல. மன்னிச்சுடு. நன்றி சொல்லணும்... ஆனா நன்றி மட்டும் இல்ல..."

"வேற என்ன?"

காருக்குள்ளிருந்து ஒரு அதட்டல். "டேய், எனக்கு நல்லாக் கேக்குது! சொல்ல வந்ததைச் சட்டுனு சொல்லு!"

"உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஓடெட்."

சாம்பல் நிறக் கண்கள் தாழ்ந்தன... மெல்ல நிமிர்ந்தன.

"வாடாத உருளைக்கிழங்குத் தோலை அரை வாளியில தூக்கிட்டு வந்தியே... அன்னிக்கே எனக்கும்."